தொண்ணூறு நாள் தவணை

காஞ்சிபுரத்துப் பக்கம் ஓரிக்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருக்கிற, ஒரு காலத்தில் வைத்திருந்த எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து உங்கள் வீட்டுப் பெண் எழுதுவது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், ஊரிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "பையன் காமர்ஸ் குரூப்பும்மா. பி.பி.ஏ.வில் பைனான்ஸ்னு ஒண்ணு இருக்காமே, சேர்க்கலாமா? நீதான் அந்த வேலையில இருக்கியே." சித்தப்பாக்களும் கேட்கிறார்கள், பெரியம்மாக்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதில் பாதி, குக்கர் விசில் சத்தத்திலேயே போய்விடுகிறது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் வழக்கு. பிள்ளை தறிக்குழியில் கால் வைக்கக் கூடாது என்று நீங்கள் சேர்க்கிறீர்கள். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை, நானே கிளம்பி வந்தவள். சீடன் கணிகண்ணனை ராஜா காஞ்சியை விட்டு வெளியே போகச் சொன்னதும் குரு திருமழிசை ஆழ்வார் பின்னாலேயே போக, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஓர் இரவு தங்கிய இடம் நம் ஓரிக்கை என்று புராணம் சொல்கிறது. பெருமாள் மறுநாளே திரும்பிவிட்டார். எங்களுக்கு விசா, வீட்டுக் கடன் என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பை ஊரை விட்டுப் போகிற பஸ் டிக்கெட்டாக மட்டும் பார்த்தால், அதில் நமக்கு உதவுகிற பாகத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

முதலில் நடைமுறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். பி.பி.ஏ. மூன்று வருடப் படிப்பு. 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. நடத்தும் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் வாங்க வேண்டும், ஆகவே பணம் கட்டுமுன் அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இதே சரக்கு பி.காம். அக்கவுண்டிங் அண்ட் பைனான்ஸ் என்ற பெயரிலும் கிடைக்கிறது. சி.ஏ. எழுதப் போகிற பிள்ளைக்கு பி.காம். தான் சரி, பாடங்கள் ஒத்துப்போகும். வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும், எந்தப் பாடம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ் செலவுக்கு ஆகும். பட்டம் கைக்கு வந்தவுடன் கிடைக்கிற முதல் வேலை பெரும்பாலும் கிரெடிட் கார்டு விற்பதாகவோ, பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பில் ஏற்றுவதாகவோதான் இருக்கும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை விட அது மேல் என்று சிலர் நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம். அதோடு அந்தப் பேச்சை விடுவோம்.

இந்தப் படிப்பில் நிதி மேலாண்மை என்று ஒரு தாள் வரும். அதில் நடைமுறை மூலதனம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. தேர்வுக்குக் கட்டாயம் ஒரு கணக்கு கேட்பார்கள். புத்தகத்தில் அது ஏதோ ஒரு தொழிற்சாலையின் கணக்காக இருக்கும்: மூலப்பொருள் இத்தனை நாள் கிடங்கில், உற்பத்தி இத்தனை நாள், விற்ற பணம் வர இத்தனை நாள், ஆக எவ்வளவு பணம் முடங்கும்? பிள்ளைகள் படிகளை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக் கூடத்திலேயே அந்தக் கணக்கு பாவாக விரிந்து கிடக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு பேச்சுக்கு, பத்துத் தறி ஓட்டுகிற மாஸ்டர் வீவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தறிக்கு மாதம் இரண்டு சேலை, மொத்தம் இருபது. பட்டு, ஜரிகை, சாயம், கூலி எல்லாம் சேர்த்துச் சேலைக்கு 20,000 ரூபாய் அடக்கம் என்று வையுங்கள். மாதம் 4 லட்சம் கையை விட்டுப் போகிறது. சரக்கு எடுக்கிற கடை தொண்ணூறு நாள் தவணை சொல்கிறது. அப்படியென்றால் வருடத்தில் எந்த நாள் எட்டிப் பார்த்தாலும் 12 லட்சம் நம் ஆளுடையது, ஆனால் கடைக்காரர் கல்லாவில் இருக்கிறது. அந்தப் பணமும் இரண்டு பைசா வட்டிக்கு வாங்கியது. இரண்டு பைசா என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மாதம் 24,000 ரூபாய் வட்டி, ஒரு சேலைக்கு 1,200. விற்காத சேலையை மூன்று மாதம் கழித்து ரிட்டன் என்று திருப்பி அனுப்புவதை நான் இதில் சேர்க்கவே இல்லை. பவுன் விலை ஏற ஏற ஜரிகை விலையும் ஏறி, அதே சேலையில் முடங்குகிற பணம் கூடிக்கொண்டே போவதையும் சேர்க்கவில்லை.

இதே தவணை நாற்பத்தைந்து நாளாகட்டும். முடங்குவது 6 லட்சம். சேலைக்கு 600 ரூபாய் மிச்சம், யாரும் ஓர் இழைகூட அதிகம் நெய்யாமல். நெசவாளர் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் "கட்டுப்படியாகாது" என்கிறோமே, அந்தக் கட்டுப்படியாகாத பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதன் அடுத்த படி இன்னும் மோசம். மேலே கடைக்குக் கடன் கொடுக்கிற மாஸ்டர் வீவர், கீழே நெய்கிறவருக்கு முன்பணம் கொடுக்கிறார். முன்பணம் தீராமல் தறியை வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த காலம் நம் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. அதைப் பலரும் வறுமை என்றுதான் எழுதினார்கள். கடை தள்ளிப்போட்ட பணத்தின் பாரம் கடைசியில் அந்தப் பிள்ளைகள் வரைக்கும் இறங்கியது என்பது என் எண்ணம்.

நான் இங்கே பார்க்கிற வேலையும் இந்தத் தவணைப் பண விஷயம்தான். கப்பல் உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் வரவேண்டிய பாக்கியைக் கவனிப்பது. திங்கட்கிழமை காலை எக்செல்லில் ஒரு பட்டியல் திறப்பேன். இடது ஓரம் வாங்கியவர் பெயர். அதற்கு அடுத்து வரிசையாகக் கட்டங்கள்: 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். ஒவ்வொரு பில்லும் வயசாக ஆக ஒரு கட்டம் வலது பக்கம் நகரும். கடைசிக் கட்டத்துக்குப் போனால் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மேலாளர் கையெழுத்து இல்லாமல் அடுத்த பெட்டி கிடங்கை விட்டுக் கிளம்பாது. ஏஜிங் ரிப்போர்ட் என்று பெயர். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பில் தேதியை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்துக்கு இங்குள்ள பாலிடெக்னிக் பிள்ளைகள் சில மாதம் பயிற்சிக்கு வருவார்கள். மீசை சரியாக முளைக்காத வயசு. முதல் வாரமே இந்தப் பட்டியலில் நூறு வரியைக் கொடுத்து, பில்லோடு ஒத்துப் பார்க்கச் சொல்வோம். கொஞ்ச நாளில் அவர்களே போனை எடுத்து, "ஐயா, இந்தப் பில்லுக்கு எப்போது பணம் வரும்?" என்று கேட்கப் பழகிவிடுவார்கள். நம் பக்கத்தில் இன்டெர்ன்ஷிப் என்பது பல பிள்ளைகளுக்கு, தெரிந்தவர் லெட்டர்பேடில் வாங்கி ஸ்பைரல் பைண்டிங்குக்குள் வைக்கிற ஒரு தாள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் நிஜக் கணக்கை யார் கொடுத்தார்கள்?

சட்டம் நம் பக்கம் இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. 2006இல் வந்த சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் வட்டி. யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு கொக்கி போட்டார்கள்: குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் இழுத்தடித்தால், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். நேரே வரியில் கை வைத்ததும் நாடு முழுக்க ஜவுளிக் கடைகளில் சலசலப்பு. இதுபோக, 250 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிற கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்கிற இணையச் சந்தையில் சேர வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. நாம் போட்ட பில்லைக் கடை அங்கே ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டிபோட்டு அதை வாங்கி நமக்குப் பணம் தந்துவிடும். பிறகு கடை கட்டாமல் போனாலும் வங்கி நம் வீட்டுக் கதவைத் தட்டாது.

இதெல்லாம் கிடைக்க உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வேண்டும், முறையான பில் வேண்டும். துண்டுச் சீட்டில் "சேலை 6, பாக்கி" என்று எழுதிக் கொடுத்தால் எந்தச் சட்டமும் வந்து நிற்காது. பதிவு இருக்கிற ஆளிடம் சரக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிற கடைக்காரரும் உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓர் ஆள் தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். தெருவே சேர்ந்து கேட்டால்?

சேர்வது நமக்குப் புதுசா என்ன. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904 மார்ச்சில் வந்தது. அந்த அக்டோபரிலேயே இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது, பம்பாயிலோ கல்கத்தாவிலோ இல்லை, நம் காஞ்சிபுரத்தில். அதற்குச் சில வருடம் முன்னால் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, ஜெர்மனியில் ரைபைசன் கட்டிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, அதுபோல இங்கேயும் வேண்டும் என்று மதராஸ் அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார். பி.பி.ஏ. புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இடம் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். அண்ணாவும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கிப் போனபோது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி விற்றார். தேங்கின சரக்கு என்றால் என்ன என்று அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

எனவே பிள்ளையைச் சேர்த்த கையோடு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிற வீடுகள், பேரவைக் கூட்டத்தில் வைக்கிற வரவு செலவையும் இருப்புநிலைக் குறிப்பையும் வாங்கி வந்து பிள்ளையிடம் கொடுங்கள். மிக்சர் பொட்டலத்தோடு அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம். கையிருப்புச் சேலை எத்தனை மாத விற்பனைக்குச் சமம், வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் பழசு என்று அவள் கணக்குப் போடட்டும். முதல் தடவை தப்பாகத்தான் போடுவாள். ரெட்டி-மூர்த்தி புத்தகத்தில் பத்துக் கணக்கு போட்டதை விட அந்த ஒரு தப்பு அவளுக்கு நன்றாக நினைவிருக்கும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசி வருடப் பிராஜெக்டுக்கு வருடா வருடம் ஏதாவது ஒரு பெரிய வங்கியின் விகிதப் பகுப்பாய்வு என்று ஒரே தலைப்பை முப்பது பேர் எழுதுகிறார்கள். அதில் ஐந்து பேரை மட்டும் ஓரிக்கைத் தெருக்களுக்கு அனுப்புங்கள். ஒரு மாணவருக்கு நான்கு மாஸ்டர் வீவர். ஒரு வருடப் பில்களை எடுத்து, நான் மேலே சொன்ன ஏஜிங் பட்டியலைத் தயாரிக்கட்டும். தெருவில் எத்தனை லட்சம் எத்தனை நாள் முடங்கியிருக்கிறது என்பது முதல் தடவையாக ஒரு தாளில் தெரியவரும். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கும் போகலாம், கைத்தறித் துறைக்கும் போகலாம், கடைக்காரர் முன்னாலும் போய் உட்காரலாம்.

பட்டியல் போடுகிற எக்செல் தாளை நான் தமிழில் தலைப்புகளோடு தயார் செய்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் நேரம் எட்டு மணிக்கு மேல் வீடியோவில் உட்கார்ந்து சொல்லியும் தருவேன். பாக்கி நோட்டை வெளியில் காட்டப் பயமாக இருந்தால் கடைப் பெயரைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு படம் எடுங்கள். தேதியும் தொகையும் தெரிந்தால் போதும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.