ஓட்டை டப்பாவும் ஒரு நிமிடமும்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மதியம் ஒரு மணிக்கு மேல் நம் பக்கத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, நான் வேப்பமரத்தடியில் நின்றேன். தரையெல்லாம் வளையல் வளையலாக வெளிச்சம். இலைகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு சந்தும் சூரியனைத் தரையில் படமாக விழவைத்தது. ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள், இருட்டறைச் சுவரில் கோபுரம் தலைகீழாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான். லென்ஸ் கிடையாது, ஓட்டை மட்டும்.

ஓய்வு பெற்றபின், இந்த ஓட்டையை வைத்துப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லித்தரலாம் என்று திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் கேட்டேன். "கைக்குக் கை செல்போன் இருக்கு, இது எதுக்கு சார்?" என்றார்கள். பிறகு, "மேடையில ஒரு டப்பாவ வச்சு நீங்களே செஞ்சு காட்டுங்க, பிள்ளைக பாக்கட்டும்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு ஒரு டப்பா. அவரவர் ஓட்டையை அவரவர்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் அது வித்தை காட்டுவது.

பால்பவுடர் டப்பாவின் உள்ளே கரும்பலகைப் பெயிண்ட். பக்கவாட்டில் வெட்டிய இடத்தில், குளிர்பானக் கேனிலிருந்து எடுத்த ஒரு துண்டுத் தகடு. அதில் ஊசி முனையால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு துளை. பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். திறக்க மூடக் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஜன்னலை அடைத்த ஸ்டோர் ரூமில் தள்ளி எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்புதான் டார்க் ரூம்.

செலவெல்லாம் போட்டோத் தாளுக்கும் மருந்துக்கும்தான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' தாளை நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1967 முதல் உற்பத்தி செய்த ஆலை, மூடிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டுத் தாள்தான். 5க்கு 7 அங்குலத் தாளை நான்காக வெட்டி, பிள்ளைக்கு 5 துண்டு கொடுத்தேன். தலைக்கு 150 ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் நாள் பாதிக்கு மேல் கரிக்கட்டை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் சூடு ஏப்ரலில் உங்களுக்குத் தெரியும். ஐஸ் வாங்கிவந்து தட்டைச் சுற்றிப் போட்டோம். மூடி இடுக்கில் வெளிச்சம் கசிவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து டேப் சுற்றினார்கள். போனில் படம் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார்கள். ஏன் கெட்டது என்று யார் யோசிக்கிறார்கள்? ஐந்தே தாள் என்றால் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு பையன் கண்மாய்க் கரையில் டப்பாவுக்குக் கல்லை அண்டக் கொடுத்து, வெயிலில் ஒரு நிமிடம் திறந்து வைத்தான். படத்தில் கரை இருக்கிறது, கருவேல மரம் இருக்கிறது. "ஆட்டையெல்லாம் காணோம் சார்!" முப்பது உருப்படி மேய்ந்த இடம். படுத்திருந்த ஒரு கிடா மட்டும் விழுந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: "அது ஒண்ணுதான சார் அசையாம இருந்துச்சு." இதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன்!

செல்போனுக்கு நான் விரோதி இல்லை. நெகட்டிவ்வை அதில் பிடித்து நிறத்தைத் திருப்பினால் இன்னொரு தாள் மிச்சம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறை 2001 முதல் உலகம் முழுக்க ஊசித்துளைப் படநாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்குப் பரீட்சை முடியும் சமயம். மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இருபது பிள்ளைகளுக்காவது இதைச் செய்யலாம். பேரன் பேத்தி குடித்த பால்பவுடர் டப்பாக்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பக்கத்துப் பள்ளியில் கொடுங்கள். மூடி இல்லாத டப்பா மட்டும் வேண்டாம்.