எண்ணெய் நிறுவனங்களின் ஏட்டுச் சுரைக்காய்

அறிவு மேலாண்மை என்றதும் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்யும் ஐந்து மார்க் கேள்விதான் பல வணிகவியல் மாணவர்களுக்கு நினைவுக்கு வரும். விஷயம் எளிது. நிறுவனத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்து வேலையாக மாற வேண்டும். இதற்கும் புவி வெப்பமடைதலுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு எண்ணெய் நிறுவனங்களின் கதையைப் பார்ப்போம்.

முதலாவது எக்ஸான். எரிபொருளை எரிப்பதால் சேரும் கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்கும் என்று 1977லேயே அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் மேலதிகாரிகளிடம் விளக்கினார். நிறுவன விஞ்ஞானிகளின் அன்றைய கணிப்புகள் பெரும்பாலும் பலித்ததை 'சயின்ஸ்' இதழின் 2023 ஆய்வு காட்டியது. ஆனால் 1997ல் அதன் தலைவர் லீ ரேமண்ட், பூமி சூடாகிறதா என்றே பெய்ஜிங்கில் சந்தேகம் கிளப்பினார். அறிவு அலமாரியிலேயே கிடந்தது.

இரண்டாவது பிபி. அதே 1997ல் அதன் தலைவர் ஜான் பிரவுன், பருவநிலை மாற்றத்துக்கு நடவடிக்கை தேவை என்று ஸ்டான்ஃபோர்டில் பேசினார். 2010க்குள் நிறுவனத்தின் சொந்த வெளியீட்டை 1990 அளவைவிட 10% குறைப்பது என்று 1998ல் இலக்கு வைத்தார்கள். ஒரு வேலையைத் தொடங்கும் முன், அதை ஏற்கெனவே செய்த வேறு ஊர் சகாக்களை அழைத்து யோசனை கேட்கும் வழக்கம் அங்கே முன்பே இருந்தது. 2000ல், பிரிவுகள் தங்களுக்குள் வெளியீட்டு உரிமையை வாங்கி விற்கும் உள்சந்தையும் வந்தது. எங்கே குறைத்தால் செலவு கம்மி என்பது விலையிலேயே தெரிந்தது. வீணாக எரியும் வாயுவும் கசியும் மீத்தேனும் குறைந்தன. 2001 முடிவிலேயே இலக்கை எட்டிவிட்டார்கள்!

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. விற்ற பெட்ரோல் வண்டியில் எரியும்போது வரும் புகை இதில் சேராது. பெரும்பங்கு அதுதான். 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40% குறைப்போம் என்று 2020ல் சொன்ன பிபி, 2023ல் அதை 25% ஆக்கியது. 2025ல் எண்ணெய், எரிவாயு முதலீட்டை ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலராக உயர்த்துவதாக அறிவித்தது.

ஆக, அறிவைப் பகிர்ந்தால் கசிவை அடைக்கலாம், செலவையும் மிச்சப்படுத்தலாம். எதை விற்பது, எதில் பணம் போடுவது என்ற முடிவுகளை அந்த அறிவு தொடாதவரை அது ஏட்டுச் சுரைக்காய்தான். நாளை கணக்காளராகவும் தணிக்கையாளராகவும் உட்காரப்போகும் மாணவர்கள், நிறுவனங்களின் பளபளப்பான பசுமை அறிக்கையை மூடிவைத்துவிட்டு முதலீட்டுக் கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். தெரிந்ததைச் செய்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.