வாயில்வரை உடன் வருவார் யார்?

தலைநகரில் தமிழர் வாழ்கின்றனர். அரசு அலுவலகங்களில் உயர்பதவி வகிப்போரும் தமிழர். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிழைப்போரும் தமிழர். முன்னவரை நம் விழா மேடைக்கு அழைத்து மாலை சூட்டுகிறோம். பின்னவரை எங்கே சந்திக்கிறோம்?

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஜங்புராவில் பாரபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாம் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட வீடுகள். பல்லாண்டுகளாக அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தமிழர். தகுதியுடையோர் எனக் கண்டவர்களுக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கினர். மற்றவர்க்கு அதுவும் கிட்டவில்லை. வடிகால் அடைபட்டால் மழைக்காலத்தில் ஊர் மூழ்கும் என்றனர். அந்த வழக்கை நான் இங்கே மீண்டும் நடத்தப் போவதில்லை. சுவர் இடிந்தபின் குடும்பம் என்ன ஆகிறது என்பதே என் கேள்வி.

தாய் வேலை பார்த்த வீடுகள் ஜங்புராப் பக்கமே இருக்கின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. வருவாய் குறைகிறது, பள்ளி எட்டிப் போகிறது, "நான் வேலைக்குப் போகிறேன் அம்மா" என்கிறான் மூத்த பையன். குடும்பம் சரிவது இப்படித்தான். ஒரே நாளில் அன்று, ஒவ்வொரு படியாக.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று முழங்குவது எளிது, அது உண்மையாகாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காக 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. கணவனை இழந்த தாயும், நோயால் முடங்கிய தந்தையும் தம் பிள்ளையைத் தம்மிடமே வைத்து வளர்க்க, 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடமுண்டு. நகரத்தில் ஆண்டு வருமான வரம்பு 96,000 ரூபாய். ஆபத்திலுள்ள குழந்தைக்காக 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் தொலைபேசி உதவியை, 2023 முதல் அரசே ஏற்று 112 எண்ணுடன் இணைத்திருக்கிறது.

சட்டம் உண்டு, திட்டம் உண்டு, பணமும் உண்டு. ஆயினும் பயன் ஏன் சேரவில்லை?

பிழைப்பு தேடி வடக்கே வந்த குடும்பத்தில் பிறந்தவர்களில் நானும் ஒருவர். எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா, கணவர் இறந்துவிட்டார். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளியில் சொல்லவே, பன்னிரண்டு வயது மகனை வீட்டிலேயே நிறுத்திவிட்டார். அலுவலக இந்தி அவருக்குப் புரியவில்லை; மீண்டும் போகக் கூச்சம். ஒருவர் உடன் சென்று சட்டத்தைச் சொன்னார். இரண்டு காலைப் பொழுதில் இடம் கிடைத்தது. அந்த இரண்டு காலைகள் இல்லாமல் ஐந்து மாதம் வீணாயிற்று!

வேதியியல் பயில்வோர் இதை அறிவர். ஹைட்ரஜன் பெராக்சைடு தானே சிதைய நெடுநாளாகும். ஒரு சிட்டிகை மாங்கனீசு டையாக்சைடு இட்டால் நொடியில் பொங்கும். வினையூக்கி புதிய பொருள் எதையும் தருவதில்லை, தடையைத் தாழ்த்துகிறது. நம் ஏழை மக்களுக்கு இன்று வேண்டுவது அத்தகைய ஒரு சிட்டிகை.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு யோசனை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், தமிழர் குடியிருப்பு ஒன்றில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பதிவேடு. இந்தி நன்கறிந்த ஒருவர், விண்ணப்பம் நிரப்பப் பழகிய ஒருவர், முறைவைத்து மாறுவோம். தேவையானால் மறுநாள் அலுவலக வாயில்வரை உடன் செல்வோம். பொங்கல் விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கு, பேருந்துக் கட்டணத்துக்கும் படியெடுக்கவும் போதும்.

"அரசின் கடமையை மாணவர் சுமப்பதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முறையாக நிரப்பிய ஒவ்வொரு விண்ணப்பமும் அரசின் கடமையை அரசின் மேசைமீதே வைக்கிறது. வைக்காதவரை, கேட்பார் இல்லை என்று சொல்ல அதற்கு வழியுண்டு. நம் எல்லையையும் நாம் அறிய வேண்டும். அடி உதைபடும் குழந்தைக்கு நாம் மருத்துவராக முடியாது. அன்றே 1098ஐ அழைக்க வேண்டும். உதவி பெற்ற பிள்ளையின் படத்தை நம் மலரில் அச்சிட்டுப் பெருமை கொள்ளவும் கூடாது.

வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்தார். இரந்து நிற்பவனுக்கு இடுவது ஈகை. அவன் இரந்து நிற்கும் நிலைக்கு வருமுன் ஊரார் ஆற்றும் கடமையை நான் ஒப்புரவு என்பேன். ஆண்டுக்கொரு முறை போர்வை வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நாம் எந்த அதிகாரத்தில் நிற்கிறோம்?

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். உடன்படுவோர் தம் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுங்கள். மறுப்போர் காரணம் சொல்லுங்கள். கைதட்டிவிட்டுக் கலைவது மட்டும் வேண்டாம்.