ஆன்டி-ஆக்ஸிடன்ட் அலப்பறைகள்

போன ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர்ல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தாகமா இருக்கேன்னு ஃபிரிட்ஜைத் திறந்தா, மோர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பாட்டில் நோனி ஜூஸ்!

"ஃபுல்லா ஆன்டி-ஆக்ஸிடன்ட்டாம்டா. கிட்னியைக் கழுவி விட்டுடுமாம்" என்கிறார். நாகேஸ்வரராவ் பார்க்ல கூட வாக்கிங் வர்ற ஒரு நண்பர் தலையில கட்டினது. பெரியப்பாவுக்குப் பதினைந்து வருஷமா சர்க்கரை. இப்போ கிரியாட்டினினும் ஏறிப்போய், பொட்டாசியம் ஆகாது, இளநீரையே தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மனுஷன் இளநீரைச் சமத்தா நிறுத்திட்டு இதைக் குடிச்சிட்டிருக்கார்.

இதே மாதிரி ஒரு கேஸ் 2000-லயே அமெரிக்க சிறுநீரக மருத்துவ இதழ்ல வந்திருக்கு. கிட்னி பாதிச்ச ஒருத்தர் பொட்டாசியம் உள்ள உணவையெல்லாம் தவிர்த்தும் ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடுச்சு. துருவிக் கேட்டதுல மாட்டினது நோனி ஜூஸ். ஆரஞ்சு, தக்காளி ஜூஸ்ல இருக்கிற அளவுக்கு அதுலயும் பொட்டாசியம்! இது எக்கச்சக்கமா ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும்.

"எது எப்படியோ, ஆன்டி-ஆக்ஸிடன்ட் நல்லதுதானே?" என்பவர்களுக்கு: பாட்டில்காரர்கள் அள்ளி விடுகிற 'ஓராக்' எண் சோதனைக் குழாயில் அளந்தது. அமெரிக்க விவசாயத் துறையே அப்படி ஒரு பட்டியலைப் போட்டு வைத்திருந்தது. உடம்புக்குள்ளும் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, கம்பெனிகள் தப்பாப் பயன்படுத்துகின்றன என்று 2012-ல் அவர்களே தூக்கிவிட்டார்கள். எங்க பொழப்புல "என் மெஷின்ல ஓடுதே சார்"னு சொல்லுவாங்களே, அதே கதை. கஸ்டமர்கிட்ட ஓடணுமே!

ஓடாதது மட்டுமில்லை, கவிழ்த்தும் விட்டிருக்கு. பின்லாந்தில் சுமார் 29,000 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். மாத்திரை வேற, பழம் வேற, ஒத்துக்கறேன். ஆனா 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு நல்லது'ங்கிற கணக்கு அங்கயே அடிபட்டுப் போச்சு.

ஜூஸும் பழமும் கூட ஒண்ணில்லையே. வடிகட்டினதும் நார் போயிடுது. 200 மில்லி ஆரஞ்சு ஜூஸ்ல சுமார் 4 டீஸ்பூன் சர்க்கரை, ஒரே மடக்குல. டப்பா ஜூஸ் கதை இன்னும் ஜோர். கெட்டிச் சாறுல தண்ணி கலந்து '100 சதவீதம் பழச்சாறு'ன்னு போட்டுட்டிருந்தாங்க. அந்த வாசகத்தை எடுங்கன்னு நம்ம ஊர் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதே ஜூன் 2024-லதான்.

நோனியை ஐரோப்பாவில் விற்பதற்கு முன்னால் ஆராய்ந்த அறிவியல் குழு 2002-ல் என்ன சொன்னது தெரியுமா? மற்ற பழச்சாறுகளைத் தாண்டி இதில் விசேஷ நன்மை இருப்பதாக ஆதாரமில்லை. அவ்வளவுதான்.

என் கோபம் பழத்து மேல இல்லை. நெல்லிக்காயைக் கடிச்சுத் தின்னுங்க, யார் வேணாம்னா? நோயாளின்னு தெரிஞ்சும் "இது மருந்து சார்"னு கூசாம விக்கறாங்களே, அவங்க மேலதான்.

எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு பெரியப்பா கேட்டார்: "சரிடா, மிச்சம் ஒண்ணரை பாட்டில் இருக்கே, என்ன பண்றது?"

வாஷ்பேசின்ல நானே ஊத்திட்டேன். நாளைக்குக் காலையில பொட்டாசியம் டெஸ்ட்டுக்கு அவரைக் கூட்டிட்டுப் போகணும்.

டிஸ்கி: கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க முழுப் பழத்தையும் டாக்டரைக் கேட்டுட்டே சாப்பிடுங்க. பார்க் நண்பரைக் கேட்டு இல்லை.