ஓய்வுநேரக் கலை: இருளில் எடுத்த சுருள்

லேக் மார்க்கெட் அருகே வாழும் நம் சங்கத்து இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிறு மாலை பாலிகஞ்சிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். கையில் கழுவப்படாத கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று. "அண்ணா, நவராத்திரியன்று கொலுவின் முன் பாட்டி பாடியபோது எடுத்தது. தீபாவளிக்கு முன்பே பாட்டி காலமாகிவிட்டார். கைபேசிப் படங்கள் உண்டு. ஆனால் அவர் பாடுவதை எடுத்தது இது ஒன்றே. எந்த டெவலப்பரில் போடலாம்?" என்று வினவினார்.

பிலிம் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ்; வேகம் 400. அறையில் வெளிச்சம் போதாமையால் காமிராவை 1600 என்று வைத்து எடுத்திருக்கிறார். அதாவது, வேண்டிய ஒளியில் நான்கில் ஒரு பங்கே பிலிமிற்குக் கிடைத்தது. டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்து இக்குறையை ஈடுசெய்வதையே 'புஷ்' செய்தல் என்பர்.

ஈடுசெய்தல் என்ற சொல்லில் சிறிது ஏமாற்று உண்டு. ஒளியே படாத இடத்தில் எம்மருந்தும் உருவத்தை உண்டாக்காது. கூடுதல் நேரம் கன்னத்தையும் நெற்றியையும் உயர்த்தும். விளக்குச் சுடரை அளவுக்கு மீறி உயர்த்தும். கண்குழியின் நிழலுக்கோ ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. நிழலில் எஞ்சிய சிறிதை எம்மருந்து பிடித்துத் தரும் என்பதே கேள்வி.

என் அலமாரியில் மூன்று இருந்தன. ரோடினால் 1891 முதல் வழங்கிவருவது. சில துளிகளே போதும்; புட்டியில் நெடுநாள் கெடாது; ரயில்வே எழுத்தர் சம்பளத்திற்கு மிகவும் ஏற்றது. ஆயினும் புஷ் செய்த படத்தில் அது முகத்தின்மேல் ரவை தூவியதுபோல் மணிகளைக் காட்டும். ஹௌரா நிலையத்து இரவுப் படங்களை அவ்வாறு கெடுத்துக்கொண்டவன் நான், பிழை என்னுடையதே. அடுத்தது, 1927இல் கோடக் வெளியிட்ட டி-76. லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் கொண்டது. அதனால் மணிகள் மென்மையாகும். மூன்றாவது மைக்ரோபென். இதில் மெட்டாலுக்குப் பதில் பெனிடோன் இருப்பதால் நிழற்பகுதி சற்றே கூடுதலாக எழும்.

பாலிகஞ்ச் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சத்யஜித் ராயின் படங்களில் இத்தொல்லைக்கு வேறு வழி கண்டனர். 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காக ஸ்டூடியோவில் காசி வீட்டு முற்றத்தை அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். ஒளியைச் சேர்ப்பதே உத்தமம். ஆனால் பாடிக்கொண்டிருக்கும் பாட்டியின் தலைக்குமேல் யார் துணி கட்டுவார்?

அச்சுருளைத் தொடாமல், அதே வகைச் சுருள் வேறொன்று வாங்கச் சொன்னேன். உதகையில் 1960இல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' பிலிம் செய்த காலம் போயிற்று. இன்று அயல்நாட்டுச் சுருளுக்கு விலை கொடுத்தாக வேண்டும். இளைஞர் முகம் சுளிக்கவில்லை. அதே அறை, அதே பல்பு, அதே குத்துவிளக்கு. பாட்டி அமர்ந்த பலகையில் அவருடைய தாயார் அமர்ந்தார். முதலில் மறுத்தவர், பின்பு மெல்லப் பாடவும் செய்தார்.

சுருளை இருளில் மூன்றாக வெட்டினோம். நம் ஊர்க் குழாய் நீர் 20 பாகைக்கு எளிதில் இறங்காது. கரியாஹாட் மீன் கடையில் ஐஸ் வாங்கி வாளியில் இட்டோம். (மீன் நாற்றம் வாளியோடு நின்றது.) நீர் கலக்காத டி-76இல் 14 நிமிடம், அவ்வாறே மைக்ரோபெனில் 11 நிமிடம். ரோடினால் துண்டு எதிர்பார்த்தபடியே ரவையாயிற்று. மற்ற இரண்டிற்கும் வேற்றுமை சிறிது. ஆனால் தாயாரின் இமைக்குக் கீழே மைக்ரோபென் துண்டில் மட்டும் ஒரு கோடு தெரிந்தது. அதனையே தேர்ந்தோம். நிமிடத்திற்கொரு முறை, பத்து விநாடி மட்டுமே தொட்டியைக் கவிழ்த்தோம். ஓயாமல் குலுக்கினால் விளக்குச் சுடர் முகத்தை விழுங்கிவிடும்.

பாட்டியின் சுருளில், அவர் விளக்குக்கு அப்பால் திரும்பிய ஏழு படங்கள் கண்ணாடிபோல் வெறுமையாயின. எஞ்சியவற்றுள் ஒன்றைத் தாயார் பல்பின் எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். நெகடிவில் எல்லாம் தலைகீழன்றோ! கரும்புள்ளி ஒன்றைச் சுட்டி, "அம்மாவின் மூக்குத்தி" என்றார்.

பிரதி எடுத்த கதையை அடுத்த இதழில் எழுதுவேன்.