இடுப்பு வலியும் வேலைப் பிரச்சினைதான்

"யாருக்குத்தான் இல்லை?" கொழுந்து மலையில் பத்து, பதினைந்து வருடம் நின்ற ஒரு பெண்ணிடம் இடுப்பு வலி உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். எல்லோருக்கும் இருக்கிறது என்பதனாலேயே அது யாருடைய கணக்கிலும் வராமல் போகிறது. வயது போய்விட்டது, குளிர் பிடித்துவிட்டது, நாலு பிள்ளை பெற்ற உடம்பு என்று நாமே காரணம் சொல்லிக் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த நாள் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். வலி வேலையால் வந்தது என்று நாம் சொல்லாதவரை நிர்வாகம் அதைத் தானாகச் சொல்லப்போவதில்லை. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றியே பேசுகிறோம்.

முதுகெலும்பு கீழே முடிகிற இடத்தில் அகலமான ஓர் எலும்பு இருக்கிறது. அது வலப்பக்கமும் இடப்பக்கமும் இடுப்பெலும்போடு சேருகிறது. சிலருக்கு இடுப்பின் பின்புறம் இரண்டு சிறு குழிகள் தெரியுமே, ஏறக்குறைய அந்த இடத்தில். டொக்டர்மார் இதை சேக்ரோ இலியாக் மூட்டு என்பார்கள். முழங்காலைப் போல மடங்கி நீளும் மூட்டு அல்ல. சில மில்லிமீற்றர்தான் அசையும். ஆனால் தலையின் பாரம், உடம்பின் பாரம், முதுகில் தொங்கும் பையின் பாரம் எல்லாம் இதைக் கடந்துதான் கால்களுக்கு இறங்குகிறது. இது நோகும்போது வலி முதுகின் நடுவில் இராது. ஒரு பக்கமாக, பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே இருக்கும். பிட்டத்துக்கும் தொடையின் பின்புறத்துக்கும் இறங்கும். உட்கார்ந்து எழும்பும்போது, படியேறும்போது, படுக்கையில் புரளும்போது சுருக்கென்று குத்தும். எக்ஸ்ரேயில் பல சமயம் ஒன்றும் தெரியாது. படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. கிளினிக்கில் பாஷை விளங்காமல் தடுமாறும் நமது சகோதரிகள், "முதுகு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், நோகும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாலே டொக்டருக்குப் பாதி விளங்கிவிடும்.

இந்த மூட்டு ஏன் நமது மலைகளில் இவ்வளவு கெடுகிறது? சரிவில் நிற்பவருக்கு ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் இருக்கும். நிரை முடியும்வரை இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. அப்படிச் சாய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு செடிக்கு மேல் குனிந்து, இரண்டு கையாலும் கிள்ளி, உடம்பைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பைக்குள் போட வேண்டும். ஒரு நாளைக்கு இது எத்தனை முறை என்று எண்ணியவர் யாரும் இல்லை. பை நிறைய நிறைய, தலைக்கயிறு கழுத்தை இழுக்க, உடம்பு முன்னுக்கு வளைகிறது.

இதில் மழை நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த கொழுந்து பாரம் கூட. நிறுவையில் தண்ணீருக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைத்தான் துண்டில் எழுதுகிறார்கள். கழித்த கிலோவுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அந்தக் கிலோவையும் சேர்த்துத்தான் அவள் மலையிலிருந்து மடுவம்வரை சுமந்து வந்தாள். பல தோட்டங்களில் முழுப் பேருக்கு 18 கிலோ கேட்கிறார்கள், சிலவற்றில் 20 கேட்கிறார்கள். கொழுந்து இல்லாத மலையில் அந்தக் கணக்கைப் பிடிக்க, பகல் சாப்பாட்டு நேரத்தையும் சுருக்கிக்கொண்டு குனிந்தபடியே நிற்பவர்களை நாம் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறோம். அரைப் பேர் விழும் பயம் இடுப்பில்தான் இறங்குகிறது.

மலை பராமரிப்பும் இதோடு சேர்ந்தது. கவ்வாத்து நேரத்துக்கு நடக்காத மலையில் செடி நெஞ்சுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. கையைத் தூக்கியே பறிக்க வேண்டும். புல்லு வெட்டாத இடத்தில் கான் எது, நிலம் எது என்று தெரிவதில்லை. முதுகில் பாரத்தோடு ஒரு கால் கானுக்குள் இறங்கினால் அந்த ஒரு நொடியில் மூட்டு பிரண்டுவிடும். ஆண்களையும் மறக்கவில்லை. நாள் முழுக்க வளைந்து கவ்வாத்து வெட்டுகிறவர், 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவேறுகிறவர், 50 கிலோ உர மூட்டையை இறக்குகிறவர் ஆகியோரின் முதுகும் இதே கதைதான்.

வலியைக் குறைக்க இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. முதலில், வலி வந்தவுடன் பாயில் நாள் கணக்காகப் படுத்துவிடுவது நல்லதல்ல. ஒன்று, இரண்டு நாள் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு மெதுவாக நடமாடத் தொடங்குவதே மேல். ஒருக்களித்துப் படுத்து, மடித்த சேலையையோ தலையணையையோ இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் இரவு வலி குறையும். எழும்பும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழும்புங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் பிடிப்பைத் தளர்த்தும். தைலம் தேய்ப்பதும் சற்று ஆறுதல் தரும். ஆனால் தோலுக்குக் கீழே வெகு ஆழத்தில் இருக்கும் மூட்டைத் தைலம் சரிசெய்யாது.

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி கட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதே போல அகலமான துணியை வயிற்றில் கட்டாமல் கீழே இறக்கி, இடுப்பெலும்பைச் சுற்றிப் பிடிக்குமாறு கட்டிக்கொண்டால், நடக்கும்போது பலருக்கு வலி தணிகிறது. கடையில் விற்கும் இடுப்புப் பட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. படங்கு கட்டும்போதே உள்ளே இப்படி ஒரு துணியைச் சேர்த்துக் கட்டலாம். படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

கடும் வலி தணிந்த பின் பயிற்சி அவசியம். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுத்து 20 எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு மற்றக் காலையும் அப்படியே செய்யுங்கள். இரண்டு காலையும் மடித்துப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்துத் தடவை போதும். இந்தத் தூக்கும் பயிற்சி பிட்டத் தசையைப் பலப்படுத்துகிறது; அந்தத் தசைதான் மூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவமாதுவைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மலையில் நிற்கும்போது மேல் கால், கீழ் கால் மாறும்படி நிரையைத் திருப்பி எடுங்கள். நிறைந்த பையைத் தனியாகத் தூக்கி மாட்டாமல் பக்கத்து நிரைக்காரியைக் கூப்பிடுங்கள். வேலை விட்டு வந்த பிறகு தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் அதே இடுப்புக்குத்தான் காத்திருக்கின்றன. வீட்டு ஆம்பளைகள் அந்தக் குடத்தையாவது எடுத்தால் தைலத்தை விட அது கூடுதலாக வேலை செய்யும்.

மாத்திரை விடயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்கிறோம். டவுன் பார்மசியில் துண்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்குவதால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பிரசரும் சீனி வருத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு, காசு இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரையோடு அனுப்பினால், அங்கே போகத் துண்டு எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

எல்லா இடுப்பு வலியும் மூட்டு வலி அல்ல. சிறுநீர் கழிக்கும்போது எரிவும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நமது பெண்கள். இது அவர்களுக்கு அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை. கால் பலமிழந்தால், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் போகாமல் நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நீண்ட நாள் வலியோடு உடம்பு மெலிந்தாலும், இரவில் காய்ச்சல் வந்தாலும் காட்ட வேண்டும். இளம் பிள்ளைகளுக்குக் காலையில் இடுப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்து, மூன்று மாதமாகியும் மாறாமல், வேலை செய்யச் செய்யத் தளருமானால் அது வேறு வகை வாத நோயாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு.

கர்ப்பிணிகளுக்கு இந்த மூட்டின் நார்கள் இயற்கையாகவே தளர்கின்றன. அந்த நேரத்தில் பாரமும் சரிவும் சேர்ந்தால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் வலி தொடரலாம். கர்ப்பிணிக்குத் தீங்கான வேலை கொடுக்கக்கூடாது என்பது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. லேசான வேலை என்பது கங்காணி தரும் சலுகை அல்ல. அந்த வேலைக்கு முழுப் பேர் போடப்பட வேண்டும்.

சறுக்கி விழுந்து இடுப்பு அடிபட்டால் அது வேலை விபத்து. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கலாம். அதற்கு அன்றே கணக்கப்பிள்ளையிடமும் டிஸ்பென்சரியிலும் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னால், வீட்டில் விழுந்தாய் என்பார்கள். வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த வலிக்கு இந்தச் சட்டத்தின் வழியே ஒரு சதம் வாங்குவதும் கடினம். 50 வயதில் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு, இடுப்பு முடியாமல் வேலையை விடுகிற பெண்ணுக்கு மேலும் சில வருடத்துக்கான சேவைக்காலப் பணமும் இல்லாமல் போகிறது. சட்டம் எட்டாத இந்த இடத்தில் தோட்டத்துக்குள் நாம் கேட்டு வாங்குவதுதான் மிச்சம்.

நாம் கேட்பது பெரிய செலவுக்குரியதல்ல. தூர மலைகளுக்கு நிறுவை இடம் பக்கத்தில் வர வேண்டும். பை பாதி நிறைந்தபோதே நிறுத்துக் கொட்ட வழி வேண்டும். மழை நாளிலும் கொழுந்து குறைந்த மலையிலும் கிலோக் கணக்கைக் குறைக்க வேண்டும். கானும் பாதையும் துப்புரவாக்கப்பட வேண்டும். மலைக்குப் பக்கத்தில் ஒரு மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும். டொக்டர் துண்டு கொண்டுவருகிறவருக்குப் பாரம் இல்லாத வேலை கொடுக்க வேண்டும்.

வரும் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் தலைவிகள் மூன்று விபரங்களை எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: எந்த மலையிலிருந்து நிறுவை இடம் எவ்வளவு தூரம், ஒரு நாளில் எத்தனை நிறுவை, மழை நாளில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள். இடுப்பு வலியால் வேலைக்கு வராமல் நின்றவர்களின் நாட்களையும் அதே தாளில் குறித்து, தலைவர் கையெழுத்தோடு மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்கவும். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுக்குப் போகும்போது அந்தத் தாள்கள் நம் கையில் இருக்க வேண்டும்.