கருவி எங்கே இருக்கிறது?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளை. எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு முதல் சேதி சொன்னது எரிந்த கண்ணும் அடைத்த மூக்கும்தான்.

கப்பலிலிருந்து கோரமண்டல் தொழிற்சாலைக்குத் திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்துவிட்டது. 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 67.63 டன் அமோனியா வெளியேறியதாக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணக்கிட்டது. பழைய குழாயை அகற்றிப் புதிய குழாய் போட வேண்டும், நவீனக் கண்காணிப்புக் கருவிகள் வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கருவி வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் கருவியை எந்த இடத்தில் வைப்பது? அந்த இடத்தை முடிவு செய்வது யார்? தொழிலாளியின் உயிரும் குப்பத்து மக்களின் உயிரும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கின்றன.

ரசாயன ஆலைகளின் சோதனைச்சாலையைப் பாருங்கள். அமிலத்தைக் காய்ச்சும் ஊழியர் பியூம் ஹூட் என்ற கண்ணாடிக் கூண்டின் முன் நின்று வேலை செய்கிறார். கூரையில் உள்ள விசிறி கூண்டின் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. கூண்டு வாயில் காற்று விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்நோக்கிப் போனால்தான் நச்சு ஆவி ஊழியரின் முகத்துக்கு வராது. காற்றின் வேகத்தை அளக்கும் சென்சாரை மேலே குழாயில் மட்டும் வைத்தால் என்ன ஆகும்? முன்கதவை இரண்டு மடங்கு உயர்த்தினால் அதே காற்று இரண்டு மடங்கு வாயில் பரவும்; வாயில் வேகம் பாதியாகும். குழாயில் இருக்கும் சென்சாரோ "எல்லாம் சரி" என்று பச்சை விளக்குக் காட்டும். ஆகவே, ஊழியரின் முகம் இருக்கும் பக்கம், கூண்டு வாயின் வேகத்தைக் காட்டும்படி அளக்க வேண்டும். கதவுக் காற்றும் மின்விசிறிக் காற்றும் அந்த அளவைக் கெடுக்காமல் பார்க்க வேண்டும். புகையை விட்டு, அது உள்ளே போகிறதா என்று கண்ணாலும் சோதிக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கு இது புதிய செய்தி அல்ல. மதகில் தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கு எழுதிவிட்டால் கடைமடை வயல் நனைந்துவிடுமா?

இடம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு விசாகப்பட்டினம் சாட்சி. 2020 மே 7 விடியற்காலை எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் மாண்டார்கள். அந்தத் தொட்டியில் வெப்பத்தை அளக்கும் கருவி இருந்தது. ஆனால் அடியில் மட்டும் இருந்தது! அடியில் குளிர்ச்சி, மேலே கொதிப்பு. கருவி பொய் சொல்லவில்லை. தான் இருந்த இடத்தின் உண்மையைச் சொன்னது. அதை மேலே வைக்காதது மனிதர்களின் குற்றம். அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை.

அமோனியா விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. அது காற்றைவிட லேசான வாயு; கொட்டகைக்குள் கசிந்தால் கூரையை நோக்கி ஏறும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரிக் குளிரில் வைக்கப்படும் திரவம் கசிந்தால், குளிர்ந்த வெண்பனிபோல் தரையோடு தவழ்ந்தும் வரும். ஆகவே மேலேயும் கருவி வேண்டும், கீழேயும் வேண்டும். குழாயின் இணைப்புகளில் வேண்டும். ஆலை மதிலோடு நிற்காமல், குடியிருப்புப் பக்கமும் வேண்டும். வாடைக் காற்று எப்போது வீசும், கச்சான் எப்போது திரும்பும் என்பது கட்டுமரக்காரருக்குத் தெரியும். எந்த வால்வு அடிக்கடி சொட்டும் என்பது ஷிப்டுத் தொழிலாளிக்குத் தெரியும். இவர்களைக் கேட்காமல் குளிர்சாதன அறையில் வரைபடம் போட்டால் அது அரைகுறை வரைபடம்தான்.

1984 போபாலிலும் தொழிலாளர்கள் கண் எரிச்சலால்தான் கசிவை உணர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகே, 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான ஆலைகளின் பாதுகாப்புக் குழுவில் நிர்வாகத்துக்குச் சமமான இடம் தொழிலாளிக்கு எழுதப்பட்டது. பிணங்களின் மேல் கிடைத்த உரிமை அது. அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது:

1. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டார ஆலைகளில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைத் தொழிலாளருக்கும் குப்பத்து மக்களுக்கும் காட்ட வேண்டும்.

2. புதிய கருவிகளின் இடத்தை முடிவு செய்வதில் இரு தரப்பினரின் பிரதிநிதிகளும் பங்கேற்க வேண்டும்.

3. கருவியின் அளவு ஆலை வாசலில் தமிழில் தெரிய வேண்டும். அளவு மீறினால் ஊருக்குள் சங்கு ஒலிக்க வேண்டும்.

4. கருவி வேலை செய்கிறதா என்ற சோதனை மாதந்தோறும் தொழிலாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். தொந்தரவு என்று அபாயமணியை நிறுத்திவைப்பது குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பணம் இல்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. உற்பத்தியை அளக்க மூலைக்கு மூலை மீட்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதனின் மூச்சைக் காக்க ஒரு மீட்டர் வைக்கத் தெரியாதா?

நாளைக் காலை வேலைக்குப் போகும் ஒவ்வொரு தோழரும் தன் இலாகாவில் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும், குனிந்தும் பார்க்கட்டும். கருவி எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். பதில் வரும்வரை கேட்கட்டும். குழந்தைகளின் மூக்கு அபாயமணியாக இருந்த காலம் எண்ணூரில் முடியட்டும்.